சக்கரம் கட்டிய வீடு



பர்கூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். "அக்கா, என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு கேரவன் வண்டி வாங்கப் போகிறார்கள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டாம். எனக்கு இரண்டு குழந்தைகள். சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. உங்கள் வீட்டில் இந்த மாதிரி வண்டி இருப்பதாக முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்களே! என்னென்ன சாமான் எடுத்துப் போக வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

எழுதுகிறேன், தங்கச்சி. ஆனால் சாமான் பட்டியலுக்கு முன்னால் வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என் வெட்கத்தை விட உங்கள் குழந்தைகளின் உயிர் பெரியதல்லவா?

எங்கள் வீடு ஓசூரில். அவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஓடுகிற குடும்பத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் லாட்ஜ் ரூம் தேடுவது, குழந்தைக்கு வெந்நீர் கேட்டு நிற்பது, அத்தைக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போவது என்று ஆயிரம் தொல்லை. அதனால்தான் வீட்டையே சக்கரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. பழைய வேன் ஒன்றை கேரவனாகவே கட்டிப் பதிவு செய்திருந்ததை வாங்கினோம். தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் எதிர்வீட்டு அம்மா ஓடி வந்து, "ஏம்மா, உங்க வீட்ல யாராச்சும் சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். கேரவன் என்றால் நம் ஊரில் நட்சத்திரங்கள் மேக்கப் போடும் வண்டி என்றுதானே தெரியும்!

முதல் பயணம் ஊட்டிக்கு என்று முடிவாயிற்று. பொங்கல் லீவு. நானும் அவரும், அத்தை, ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன். பெங்களூர், மைசூர், குண்டுலுப்பேட்டை வழியாக ஏறக்குறைய 300 கிலோ மீட்டர்.

வண்டிக்குள் நான் என்ன ஏற்றினேன் தெரியுமா? இட்லிக் கொப்பரை, இரண்டு குக்கர், மிக்ஸி, பத்து கிலோ அரிசி, மாவு டப்பா, அஞ்சறைப் பெட்டி, ஆளுக்கு இரண்டு கம்பளி, அது போக ஒரு சின்னக் கரி அடுப்பும் ஒரு சாக்கு கரியும். மலையில் உட்கார்ந்து மக்காச்சோளம் சுட்டுத் தின்ன வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. அத்தை மட்டும் சொன்னார்: "ஏங் கண்ணு, ஊருக்குப் போறோமா, வூட்ட மாத்திக்கினு போறோமா?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று இரவு ஊட்டிக்குப் பக்கத்தில், தெரிந்தவர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் கேட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தினோம். சோளம் சுட்டுத் தின்றோம். குழந்தைகள் குதித்தார்கள். எட்டு மணிக்கு மேல் குளிர் எலும்புக்குள் இறங்க ஆரம்பித்தது. சின்னவன் பல் கிட்டி நடுங்கினான். அடுப்பில் கரி சாம்பல் பூத்து, கங்கு மட்டும் செக்கச் செவேல் என்று இருந்தது. புகை துளியும் இல்லை. "உள்ளே ஒரு மூலையில வச்சா கதகதப்பா இருக்குமே" என்று எனக்குத் தோன்றியது. அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்ததும் நான்தான், சன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியதும் நான்தான்.

அத்தைக்கு எப்போதும் தலைமாட்டில் சன்னல் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். "கூரை வூட்டுல பொறந்தவ நான். காத்து இல்லாட்டி தூக்கம் வராதும்மா" என்பார். அன்றைக்கு நான் எரிச்சலோடு, "குழந்தைக்குச் சளி பிடிக்கும் அத்தை" என்று சொல்லி அந்த இரண்டு விரல் இடைவெளியையும் மூடினேன்.

நடுச்சாமத்தில் யாரோ என்னைப் போட்டு உலுக்குகிறார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. தலை பாறாங்கல்லாகக் கனக்கிறது. "எந்திரி கண்ணு, எந்திரி, எனக்கு என்னமோ பண்ணுது" என்று அத்தையின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. ஒன்றுக்குப் போக எழுந்தவர், கால் தள்ளாடி விழுந்து, தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளியிருக்கிறார். குளிர்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. மகள் தலைவலி என்று அழுதாள். சின்னவன் வாந்தி எடுத்தான். எடுத்த பிறகும் துவண்டு துவண்டு என் தோளில் விழுந்தான். அவரை எழுப்ப எனக்கு மூன்று தடவை கன்னத்தில் அடிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் தம் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். எல்லோருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மத்தியானம் சின்னவன் "அம்மா, பன்னு" என்று கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அங்கிருந்த பெண் டாக்டர் என்னைத் திட்டவில்லை. "புகை இல்லேன்னா ஆபத்து இல்லேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. இன்னும் ஒரு மணி நேரம் யாரும் எழுந்திருக்கலேன்னா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் முடிக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அது முடியவில்லை.

வாசனை இல்லாத விஷம்

கரியோ, விறகோ, பெட்ரோலோ, டீசலோ, சமையல் வாயுவோ, எது எரிந்தாலும் காற்றோட்டம் போதவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டேதான் இருப்போம். உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், இதய நோயாளிகள் ஆகியோரைச் சீக்கிரம் பாதிக்கும். வயிற்றிலிருக்கும் குழந்தையையும் அது விடாது.

சமையல் வாயு கசிந்தால் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதற்கென்றே அதில் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது.

இது எங்களைப் போன்ற புதியவர்களுக்கு மட்டும் வருகிற ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்ததுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தார்கள். அவர்களுக்குக் குளிர்காற்று தேவைப்பட்டது, எங்களுக்குக் கதகதப்பு. இரண்டு வண்டியிலும் மூடிய கதவு ஒன்றுதான்.

ஆகவே தங்கச்சி, இவற்றை வண்டியின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடு.

கரி அடுப்பு, கணப்புச் சட்டி, சாம்பிராணிக் கங்கு எதுவும் வண்டிக்குள் வரக்கூடாது. அணைந்தது போல் இருக்கும் கரியும் கூடாது. கொசுவுக்கு வலை போதும்.

கேஸ் அடுப்பைச் சமைக்க மட்டும் பற்ற வைக்க வேண்டும், குளிர் காய அல்ல. பற்ற வைப்பதற்கு முன்னால் எதிரெதிராக இரண்டு சன்னல்களைத் திற.

எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் வண்டியின் புகைக்குழாய் நம் சன்னலைப் பார்த்து இருக்கிறதா என்றும் பார்.

எவ்வளவு குளிரானாலும் இரண்டு விரல் சன்னல் திறந்திருக்கட்டும். குளிருக்குக் கம்பளி, காலுறை, குல்லாய், வெந்நீர்ப் பை இருக்கின்றன.

கார்பன் மோனாக்சைடு இருந்தால் கத்தி எழுப்பும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதனுடன் வரும் குறிப்பில் சொன்ன இடத்தில் மாட்டி, மாதம் ஒரு தடவை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். திரைச்சீலை வாங்குவதற்கு முன்னால் இதை வாங்கு. கருவி இருக்கிறது என்று சன்னலை மூடிவிடாதே.

வண்டிக்குள் இரண்டு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் காப்பி போட உட்காராதீர்கள். எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். 108-க்குப் போன் செய்து, "மூடிய வண்டிக்குள் புகை" என்று சொல்லுங்கள். கொஞ்சம் தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வண்டிக்கும் வயிறு உண்டு

ஊட்டியிலிருந்து திரும்பும்போது மலையிறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி ஆறவிட்டு வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சாமான்களை இறக்காமலே, மாங்காய் லாரிகள் எடை போடுகிற எடைமேடைக்கு வண்டியைக் கொண்டு போனார். நாங்கள் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தோம். ஆர்.சி.யில் போட்டிருந்த மொத்த எடையை விட 180 கிலோ அதிகம்! எடைமேடைத் தம்பி சிரித்துக்கொண்டே, "அக்கா, சீசன்ல எங்க ஊர் மாங்கா லாரியே தேவலாம்" என்றான்.

புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் பயணத்துக்கு முன்னால் இந்தக் காரியத்தைச் செய்துவிடுங்கள். ஆள், சாமான், தண்ணீர், டீசல் எல்லாவற்றுடனும் ஒரு தடவை எடை போடுங்கள். ஆர்.சி.யில் காலி வண்டியின் எடையும், ஏற்றிய வண்டியின் உச்ச எடையும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் குடித்தனத்துக்குக் கிடைத்த இடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர் தொட்டியை ஊரிலேயே நிரப்பினால் பெரிய ஆள் ஒன்றரைப் பேரை மேலதிகமாக ஏற்றிய கணக்கு. பாதி நிரப்பி, போகிற இடத்தில் மீதியைப் பிடித்துக்கொள்ளலாம்.

எடை கூடினால் பிரேக் திணறும், டயர் சூடாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1522 என்றால் 2022-ஆம் வருடத்தின் 15-வது வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாத வண்டியில் பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும். ரப்பர் மட்டும் வயதாகி வெடிப்பு விட்டிருக்கும். பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

மலையிலோ, சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாயிலோ இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்கிற பாடம். தொப்பூரில் பிரேக் பிடிக்காத லாரிகளால் நேர்ந்த விபத்துகள் நமக்குப் புதிதல்ல. முன்னால் போகிற கனரக வண்டிக்கும் நமக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட வேண்டும். "ஏங்க, அவசரம் இல்லீங்க" என்று பக்கத்திலிருந்து சொல்ல நாம் கூச்சப்படக் கூடாது.

இன்னொன்று. வண்டியின் உயரத்தை நாடாவால் அளந்து, அடி, அங்குலக் கணக்கில் டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். ரயில்வே தரைப்பாலம், கோயில் வளைவு, தாழ்ந்த மரக்கிளை எல்லாம் கார் ஓட்டிப் பழகியவருக்கு நினைவில் வராது.

ஓடும்போது அது வீடு அல்ல

நின்றால் வீடு, ஓடினால் வண்டி. இதை எங்கள் வீட்டில் குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்லும். வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் படுக்கக் கூடாது. அடுப்பு எரியக் கூடாது. பாத்திரம் கழுவக் கூடாது. எல்லோரும் முன்பக்கம் பார்த்த இருக்கையில், பெல்ட் போட்டு உட்கார வேண்டும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெல்ட்டோ, அவர்களுக்கான தனி இருக்கையோ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் சின்னவனுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம் வாங்குங்கள். மடியில் வைத்துக்கொண்டால் திடீர் பிரேக்கில் எந்தத் தாயின் கைக்கும் அவனைப் பிடித்து நிறுத்தும் பலம் கிடையாது.

பெல்ட் எத்தனை இருக்கிறதோ, அத்தனை பேர்தான் பயணம். "குழந்தைதானே, நடுவுல உக்காந்துக்கும்" என்ற பேச்சே வேண்டாம். வாங்கும்போது படுக்கையை எண்ணாதீர்கள், பெல்ட்டை எண்ணுங்கள்.

சிலிண்டர் விஷயம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கி வண்டியில் போடாதீர்கள். ஐந்து கிலோ சிலிண்டர் போதும். நின்ற நிலையில் அசையாமல் கட்டியிருக்க வேண்டும். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். இந்த வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் போய்த் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் அறைக்கு அடிப்பக்கம் காற்றுத் துளை உண்டா என்று பாருங்கள். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் இருந்தால் தீயைத் தாண்டியா எடுப்பது?

நமக்கென்று சில விஷயங்கள்

ஆண்கள் கட்டுகிற வண்டியில் டி.வி. இருக்கும், சங்கீதம் இருக்கும், கக்கூஸைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நம் பெண்கள் பயணம் என்றாலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். அடக்கி அடக்கி வைத்து நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! வண்டியில் சின்ன ரசாயனக் கழிப்பறைப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கழிவை ஆற்றிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள்; வீட்டுக்கு வந்து நம் கழிப்பறையில் ஊற்றுவதே மரியாதை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்கில் நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தொட்டித் தண்ணீர் கழுவ மட்டும். குடிக்கத் தனிக் குடம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று நான் கணக்கு வைக்கிறேன். பயணம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து உலர்த்திவிடுங்கள். சின்னவனுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் பயணத்தில் நிறுத்தாதீர்கள். அதை விடச் சுத்தமான ஆகாரம் வழியில் கிடைக்காது. வேறு பால் கொடுப்பதானால் பாட்டிலை விட்டு, கிண்ணமும் கரண்டியும் வைத்துக்கொள்ளுங்கள். கழுவுவது சுலபம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கரைத்ததை மறுநாள் வைத்திருக்கக் கூடாது.

சமையல்? இப்போது நான் எடுத்துப் போவது ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு தோசைக்கல், ஒரு கத்தி. முதல் நாளுக்குப் புளியோதரையும், பால் ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் விட்ட சாதமும். அது மத்தியானத்தோடு தீர்ந்துவிட வேண்டும். சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் ராத்திரிக்கு. வறுத்த ராகி மாவில் வெல்லமும் ஏலக்காயும் கலந்து ஒரு டப்பா. வெந்நீர் விட்டால் கஞ்சி, நெய் விட்டால் உருண்டை. மிச்சம் வைத்துச் சுடவைக்கும் வேலையே வேண்டாம். ஒரு வேளை நல்ல ஓட்டலில் சுடச்சுட இட்லி சாப்பிட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டில் இருக்கிற அடுப்படி போதாதென்று சக்கரம் வைத்த அடுப்படிக்குள்ளும் நாமே நின்றுகொண்டிருந்தால், ஊர் பார்ப்பது எப்போது? எங்கள் வண்டியில் இப்போது பாத்திரம் கழுவுவது அவர், படுக்கை மடிப்பது மகள், செருப்பை வரிசையாக வைப்பது சின்னவன்.

எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு

அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். பெங்களூரில் பழைய கேரவன் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர்கள், தடையில்லாச் சான்றும் நம் மாநில வரியும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இங்கே கொண்டு வந்து, ஓசூரானால் டி.என். 70, கிருஷ்ணகிரியானால் டி.என். 24 என்று பதிவெண் மாற்றிய பிறகுதான் உண்மையான விலை தெரியும். சாதாரண வேனை வாங்கி, தெரிந்த பட்டறையில் கட்டில் அடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் ஒப்புவதில்லை. கேரவன் கட்டுவதற்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரக்கட்டுப்பாடு இருக்கிறது. ஆர்.சி.யில் கேரவன் என்று இருக்கிறதா, இன்ஷூரன்ஸும் அப்படியே எடுத்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை: பந்திப்பூர்க் காட்டு வழியை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைத்துவிடுகிறார்கள். தெப்பக்காட்டில் வழி பிரியும். மசினகுடி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்து ஏற்றம். கேரவனுக்குக் கூடலூர் வழியே நல்லது. 2024 மே முதல் ஊட்டி, கொடைக்கானல் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை; எவர்சில்வர் குடம்தான் சரி. ராத்திரி நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தித் தூங்காதீர்கள். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் கேட்டு நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, வேறு எந்த ஆபத்துக்கும் 112.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே திட்டம் கொண்டு வந்து, வாகமண்ணில் நிறுத்துமிடமும் வந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் காத்திருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். சொந்தமாக வாங்கும் முன்னால் ஒரு தடவை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வருடத்தில் எத்தனை நாள் உங்களுக்கு லீவு, மீதி நாள் வண்டி எங்கே நிற்கும் என்று உங்கள் வீட்டுக்காரரிடமும் கொழுந்தனாரிடமும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வந்தால் வாங்கலாம்.

வாங்கிவிட்டால் முதல் ராத்திரியை உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் படுத்துக் கழியுங்கள். என்ன குறை என்று தெரிந்துவிடும். பத்து அடி நடந்தால் வீடு. இரண்டாவது பயணம் பக்கத்திலேயே இருக்கட்டும். நாங்கள் அடுத்த தடவை கிருஷ்ணகிரி அணைக்குத்தான் போனோம். வண்டியில் பாதிச் சாமான்தான் இருந்தது. அணைப் பூங்காவில் குழந்தைகளை ஓடவிட்டுவிட்டு, நானும் அத்தையும் தென்பெண்ணைத் தண்ணீரைப் பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரி படுக்கை விரிக்கும்போது நானே போய் அத்தையின் தலைமாட்டுச் சன்னலைத் திறந்தேன். விரலை வைத்து அளந்தும் பார்த்தேன். அத்தை சிரித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தொற கண்ணு, நெலா தெரியட்டும்" என்றார்.

பர்கூர்த் தங்கச்சி, போய் வாருங்கள். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

உங்கள் அன்புச் சகோதரி.